சோழர் அரசும் சமூக அறிவியல் நூல்களும்

மானிடவியல், சமூகவியல், அரசியல் நூல் ஆகிய மூன்றும் தமிழ் பயில்வார்க்கு இன்று இன்றியமையாத துணைத்துறைகளாகக் கருதப்படுகின்றன. சங்க இலக்கியத்தை ஆராய்வோரும் கல்வெட்டுகளை ஆராய்வோரும் இத்துறைகளின் சொற்களை எடுத்தாளாமல் ஒரு பக்கமும் எழுதுதல் அரிதாகிவிட்டது. எனினும், மாணவர்க்கென எழுதப்படும் அறிமுக நூல்கள் ஒவ்வொரு துறைக்கும் இலக்கணம் கூறி அமைவனவேயன்றி, அத்துறைகளைத் தமிழ்ச் சான்றுகளின்மேல் வைத்து ஆளும் முறையைக் காட்டுவன அல்ல. அதனால், பிறர் வகுத்த கொள்கையொன்றைக் கண்ட அளவிலேயே அதற்கேற்ற சான்றுகளைத் தேடிப் பொருத்துவாரும், அயலார் கொள்கை என்னும் ஒன்றே பற்றி அதனை ஒதுக்குவாரும் நம் மாணவருள் மிகுகின்றனர். இவ்விரு நெறியும் ஆராய்ச்சிக்கு ஏலா. ஆதலின், மூன்று துறைகளும் ஒருங்கே வந்து கூடும் வினா ஒன்றை எடுத்துக்கொண்டு அவற்றின் பயனையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வாம். அவ்வினா, சோழர் ஆட்சி எத்தகைய அரசு என்பதாகும்.

முதற்கண் அரசு என்னும் சொல்லையே நோக்குதல் வேண்டும். இற்றை நாளில் ஆட்சியமைப்பு முழுவதையும் குறிக்க இச்சொல்லை வழங்குகின்றோம். பழந்தமிழில் அது பெரிதும் அரசனையும் அரசத் தன்மையையும் குறித்து நின்றது. திருக்குறள் படை, குடி முதலாய ஆறு உறுப்புகளை அரசனுக்கு உடைமைகளாகக் கூறுகின்றது. அரசன் அவ்வாற்றினுள் ஒருவனாக எண்ணப்படுவதில்லை. வடமொழி அர்த்த சாத்திரமோ உறுப்புகளை ஏழாக எண்ணி அரசனையும் அவற்றுள் ஒன்றாக வைக்கின்றது. இவ்வேறுபாடு சிறிதன்று. அரசனைத் தனியே வைத்து எண்ணும் மரபில், அரசனின் வேறான அரசு என ஒன்றைக் கருதுதல் எளிதன்று என்பது இதனாற் புலனாகும். நாடு என்னும் சொல்லும் இத்தகையதே. சோழர் கல்வெட்டுகளில் அது பெரும்பாலும் சில பல ஊர்களின் தொகுதியைக் குறிப்பது. இன்று நாம் கருதும் தேயத்தைக் குறிப்பதன்று. சொற்பொருள் காலந்தோறும் மாறுதலை அறியாதார் துறைச்சொற்களை மொழிபெயர்க்கப் புகின் பெரிதும் இடர்ப்படுவர்.

சோழர் ஆட்சியைப் பற்றிய முதற் பெருநூல் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் எழுதியது. 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்து, 1955இல் திருத்தம் பெற்ற அந்நூல், சோழப் பேரரசை ஒழுங்குற அமைந்த அலுவலர் படிநிலையும் வலிமை மிக்க நடுவண் ஆட்சியும் உடையதாகக் காட்டிற்று. ஊர்ச்சபைகளின் தன்னாட்சியையும் உடன் வைத்துப் போற்றிற்று. இவ்விரண்டும் எங்ஙனம் ஒருங்கே இயைந்தன என்னும் வினாவை அந்நூல் போதிய அளவு ஆராய்ந்திலது என்பது பின்வந்தோர் கூறிய குறையாகும். அக்குறை உண்மையே என்று நாமும் கருதுகின்றோம்.

இவ்வினாவை முன்னிறுத்திப் பர்ட்டன் ஸ்டைன் 1980இல் இடைக்காலத் தென்னிந்திய உழவர் சமூகத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அவர் ஆண்ட கருவி மானிடவியலிற் பிறந்தது. 1940இல் ஈவான்ஸ் பிரிட்சார்டு, சூடான் நாட்டு நூயர் மக்களிடையே அரசனும் அலுவலரும் இன்றியே குடிவழிக் கூறுகளின் சமன்பாட்டால் ஒழுங்கு நிலவுதலைக் காட்டினார். அவ்வாண்டிலேயே அவரும் மேயர் போர்ட்டசும் பதிப்பித்த ஆப்பிரிக்க அரசியல் முறைகள் பற்றிய நூல், அரசுடைய சமூகம், அரசிலாச் சமூகம் என்னும் இருவகைப் பாகுபாட்டை நிறுவிற்று. உகாண்டாவின் ஆலூர் மக்களிடையே தங்கி ஆராய்ந்த எய்டன் சௌத்தால், இவ்விரண்டிலும் அடங்காத இடைநிலை ஒன்றைக் கண்டு, 1956இல் வெளிவந்த நூலில் அதற்குச் 'செக்மெண்டரி ஸ்டேட்' எனப் பெயரிட்டார். நடுவிடத்தில் தலைவனது ஆணை வலிமையுற்றிருக்கும். சேய்மை செல்லச் செல்ல அது குன்றி, சடங்குத் தலைமை மட்டுமே எஞ்சும். ஒவ்வொரு கூறும் முழுமையின் அமைப்பையே சிறிய அளவிற் கொண்டிருக்கும். எல்லைப்புறக் கூறுகள் தம் பற்றினை வேறொரு தலைவன்பால் மாற்றிக்கொள்ளவும் கூடும். இவை அதன் இயல்புகள்.

இதனைத் தமிழிற் கூறாக்க அரசு என்பர். பிளவுபட்ட அரசு என ஆளுதல் பொருந்தாது. ஒன்றாயிருந்தது உடைந்தது என்னும் பொருளை அது தந்துவிடும். கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடி முழுமையாதலே சௌத்தால் கருதியது. கல்வெட்டிற் பயிலும் கூற்றம் என்னும் நாட்டுப் பிரிவின் பெயரோடு ஒலியால் ஒத்தல் பற்றி இரண்டனையும் மயக்குதலும் கூடாது.

ஸ்டைன் நாடுகளையே சோழர் அமைப்பின் அடிப்படைக் கூறுகளாகக் கொண்டார். காவிரிப் படுகையின் நடுப்பகுதியில் மட்டுமே சோழர்க்கு உண்மை ஆட்சி இருந்தது என்றும், பிற பகுதிகளில் அவர்தம் தலைமை சடங்கு நிலையினதே என்றும், அலுவலர் எனப்படுவோர் உள்ளூர்த் தலைவர்களே என்றும் அவர் கூறினார். இக்கொள்கையால் விளைந்த நன்மை ஒன்றுண்டு. நாட்டார் என்னும் நிலவுடைமையாளர் குழுவின் வலிமை அதுவரை பெறாத கவனத்தைப் பெற்றது. மெய்க்கீர்த்தியின் பெருமொழிகளை அவ்வாறே ஆட்சியின் அளவாகக் கொள்ளும் வழக்கமும் தளர்ந்தது.

ஆயின், சான்றுகள் இக்கொள்கையை முற்றும் தாங்குகின்றனவா? தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளை நோக்குவாம். அக்கோயிலுக்கு நெல்லும் பொன்னும் அளக்கக் கடமைப்பட்ட ஊர்களுள் சோழமண்டலத்திற்கு அப்பாற்பட்ட ஊர்களும் உள; ஈழத்து ஊர்களும் உள. கோயிற் காவலுக்கும் கணக்கிற்கும் ஆட்களை அளிக்குமாறு பல மண்டலங்களின் ஊர்ச்சபைகள் பணிக்கப்பட்டன. பல்வேறு கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவர் கொணரப்பட்டனர். நிலம் முந்திரி, கீழ்முந்திரி எனும் நுண்ணிய பின்னங்கள் வரை அளக்கப்பட்டுள்ளது. புரவுவரித் திணைக்களத்தார், வரிப்பொத்தகம், முகவெட்டி என அலுவற் பெயர்கள் அடுக்கி வருகின்றன. முதலாம் இராசராசன் (985–1014) நாடுகளை ஆற்றெல்லை முதலியவற்றால் வளநாடுகளாக வகுத்துத் தன் பட்டப்பெயர்களை அவற்றிற்கு இட்டதும் அறிந்ததே. சடங்குத் தலைமை மட்டும் உடைய வேந்தனொருவன் சேய்மை ஊர்களின் விளைவையும் ஆட்களையும் இவ்வாறு ஈர்த்தல் இயலாது. ஆலூர்த் தலைவர்க்கு எழுத்தும் கணக்கும் கொண்ட வரித்திணைக்களம் இருந்ததில்லை என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

இனிச் சமூகவியலின் வினா வேறு. அது ஆண்டவர் யார் என்பதோடு அமையாது, நிலம் யாருடையது, உழுதவர் யார் என வினவும். நொபொரு கராசிமா 1966இல் திருச்சிராப்பள்ளிப் பகுதியைச் சார்ந்த அல்லூர், ஈசானமங்கலம் என்னும் இரண்டு ஊர்களின் கல்வெட்டுகளை ஒப்பிட்டு, பிரமதேயமான ஈசானமங்கலத்தில் நிலம் தனியார் உடைமையாகவும், அல்லூரில் ஊராரின் பொதுவுடைமையாகவும் இருந்தமையைக் காட்டினார். உழவர் சமூகம் என ஒரு பெயரால் அடக்கப்பட்டது உண்மையில் ஒரு தன்மைத்தன்று என்பது இதனால் தெளிவாயிற்று. எ. சுப்பராயலு 1973இல் சோழநாட்டு நாடுகளின் எல்லைகளை ஊர் ஊராக வரையறுத்தார். இவ்விருவரும் மட்சுயியும் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்க்கோவை, மூவேந்தவேளான் முதலிய பட்டங்கள் எக்காலத்து, எப்பணியோடு சேர்ந்து வருகின்றன என எண்ணிக் காண வழி செய்தது. அதனால், பட்டம் பெற்ற நிலக்கிழாரே வேந்தனின் அலுவலராகவும் பணிபுரிந்தமை புலப்பட்டது. உள்ளூர்த் தலைவரோ அரச அலுவலரோ என்று ஒன்றையே தெரிந்தெடுக்க வேண்டிய தேவை இதனால் நீங்கிற்று.

அரசியல் நூலின் பணி இலக்கணத்தைக் கூர்மையாக்குதல். மாக்ஸ் வெபர் 1919இல் ஆற்றிய பேருரையில், குறித்த நிலப்பரப்பினுள் முறையான வன்மையைத் தனக்கே உரியதாக நிலைநாட்டிக்கொள்ளும் அமைப்பே அரசு என வரையறுத்தார். இவ்வளவுகோலைச் சோழர்மேல் வைப்பின், எக்காலத்துச் சோழர் என்னும் வினா எழும். 849 முதல் 1279 வரையுள்ள காலத்தைக் கராசிமாவும் சுப்பராயலுவும் நான்கு பகுதிகளாகப் பிரித்து ஆராய்வர். முதலாம் இராசராசனும் முதலாம் இராசேந்திரனும் ஆண்ட இரண்டாம் பகுதியில் நடுவண் ஆட்சி ஓங்கியிருந்தது. இறுதிப் பகுதியிலோ, குறுநிலத் தலைவர் தம்முள் உடன்படிக்கை செய்துகொண்டனர். காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்திற் சிறை வைத்தான். ஒய்சள நரசிம்மன் படை வந்து மீட்க வேண்டியதாயிற்று. எல்லைப்புறக் கூறுகள் பற்று மாறும் என்ற சௌத்தாலின் கூற்று இந்நிலைக்குப் பெரிதும் ஒக்கும். தஞ்சைக் கோயில் எழுந்த காலத்திற்கு அது ஒவ்வாது.

எனவே, சாஸ்திரியார் கண்ட நடுவண் ஆட்சியும் ஸ்டைன் கண்ட கூறுபாடும் முழுப் பொய்யாகா. நானூற்று முப்பது ஆண்டுகளுக்கு ஒரே பெயரைச் சூட்டியமையே இரு தரப்பிற்கும் பொதுவான குற்றம். ஸ்டைன்மேல் வைத்துக் கூறத்தக்க மற்றொரு குறை, சடங்கையும் ஆட்சியையும் இருவேறாகப் பிரித்தமை. கோயிலுக்கு ஊரை விடும்போதே வரி நிறுக்கப்படுகின்றது, நிலம் அளக்கப்படுகின்றது, அலுவலர் கைச்சாத்திடுகின்றனர். ஆண்டுச் சடங்கு எது, ஆட்சி எது எனப் பிரித்தல் அரிது. ஸ்டைனும் பின்னாளில் இப்பிரிவினையை மறுபடி ஆராய்ந்தார். சௌத்தாலும் 1988இல் ஆசியச் சான்றுகளைக் கருத்திற்கொண்டு தம் கொள்கையின் இலக்கணத்தைத் திரும்ப வகுத்தார். கொள்கையைப் படைத்தோரே சான்று கண்டு திருத்திக்கொண்டிருக்க, அதன் முதல் வடிவையே மனப்பாடமாகக் கூறுதல் நம் மாணவர்க்கு அழகன்று.

இவ்வாய்வினின்றும் நாம் கொள்ளத்தக்கன இவை: மானிடவியல், நமக்குப் பழக்கமான வடிவின் வேறாகவும் அரசு அமையலாம் எனக் கற்பிக்கின்றது, சமூகவியல், ஆட்சிக்கு அடியில் உள்ள நிலவுறவைக் காணச் செய்கின்றது, அரசியல் நூல், சொல்லின் எல்லையை வரையறுத்துக்கொள்ளக் கட்டாயப்படுத்துகின்றது. இம்மூன்றும் வினாக்களைத் தரும். விடை கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கிடத்தலின், அவற்றைப் படித்துப் பொருள் காணும் தமிழறிவு இல்லையேல் வினாக்கள் வினாக்களாகவே நிற்கும். ஸ்டைனின் கொள்கையை ஆராய்ந்து திருத்தியவை கல்லெழுத்தை ஒவ்வொன்றாக எண்ணிய உழைப்பேயாதலை நினைக. முதுகலை மாணவர் அறிமுக நூலைக் கற்றபின் மூலக் கல்வெட்டுத் தொகுதியொன்றை எடுத்து, ஒரு நாட்டின் ஊர்களையேனும் தாமே வரிசைப்படுத்திக் காண்பாராயின், கொள்கையை ஏற்றற்கும் மறுத்தற்கும் உரிய தகுதியைப் பெறுவர் என்பது நம் கருத்து.