வீரன் வாயில் எவர் மொழி?

திரையிலே ஒரு படை நிற்கிறது. வாளேந்திய வீரனைச் சுட்டினால், ஆணைக்குக் காத்திருப்பவன் போல் ஒரு சொல் சொல்கிறான். ஏர் பிடித்த உழவனைச் சுட்டினால், அவனும் ஒரு சொல் சொல்லிவிட்டு வயலுக்குப் புறப்படுகிறான். ஊரை எழுப்பு, கோட்டையைக் கட்டு, படை திரட்டு, பகைவனை வெல்; இதுவே ஆட்டம். போர்த்தந்திர விளையாட்டு என்று இதற்குப் பெயர். நம் இளைஞர்கள் கணினியின் முன் அமர்ந்து இரவைப் பகலாக்கி ஆடுகிறார்கள்.

ஆடட்டும். ஆட்டத்தைப் பழிக்க நாம் எழுதவில்லை. அந்த வீரன் வாயைத் திறக்கிறானே, அவன் பேசுவது எவர் மொழி என்று கேட்கவே எழுதுகிறோம்.

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' வரிசையின் இரண்டாம் விளையாட்டு 1999-இல் வந்தது. அதிலே 2013-இல் 'இந்தியர்' என்றொரு இனத்தைச் சேர்த்தார்கள். இமயம் முதல் குமரி வரை ஒரே இனம். அந்த இனத்தின் வாயிலே இந்தி! இன்று இந்தி என்று வழங்கும் செப்பனிட்ட மொழி 19-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. அதை இடைக்கால வீரர் அனைவருக்கும் பொது மொழியாக்கிவிட்டார்கள். 2022-இல் அந்த ஒற்றை இனத்தைப் பிரித்து, இந்துஸ்தானியர், வங்காளியர், கூர்ச்சரர், திராவிடர் என நால்வராக்கினார்கள். திராவிடர் படை தமிழ் பேசுகிறது. இராசேந்திர சோழன் கதையும் ஆட்டத்தில் இடம்பெற்றது.

கேட்டவுடன் நெஞ்சு நிமிர்ந்தது; மறைப்பானேன்? ஆனால் நிமிர்ந்த நெஞ்சுக்கு மேலே ஒரு தலையும் இருக்கிறது. அந்தத் தலை சில கேள்விகளைக் கேட்கிறது.

"விளையாட்டுதானே! பொழுதுபோக்குக்கு வந்தவனிடம் இலக்கணத் தேர்வா நடத்துவது?" என்பார் உண்டு. நாம் கேட்கிறோம்: புராணமும் ஒரு காலத்தில் பொழுதுபோக்காகத்தானே ஊருக்குள் நுழைந்தது? கதாகாலட்சேபம் கேட்கப் போனவன் வருணாசிரமத்தைச் சுமந்துகொண்டல்லவா வீடு திரும்பினான்? பாடநூலில் படித்ததைத் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஆடிக் களிக்கையில் காதில் விழுந்ததோ கேள்வியின்றி உள்ளே குடியேறிவிடுகிறது. 'அன்று இப்படித்தான் பேசினார்கள்' என்று செவி நம்பிவிட்டால், பிறகு அறிவு வந்து திருத்துவது எளிதன்று.

பிழைகள் எப்படிப்பட்டவை என்று பாருங்கள். 'சிவிலைசேஷன்' வரிசையின் ஐந்தாம் விளையாட்டு 2010-இல் வெளிவந்தது. ஒவ்வொரு நாட்டுத் தலைவனும் தன் மொழியிலே பேசுவான் என்பது அதன் பெருமை. பாபிலோனியாவின் நெபுகாத்நேசருக்கு அக்காதிய மொழி கொடுத்தார்கள், பாராட்டினோம். அதே ஆட்டத்தில் எகிப்தின் இரண்டாம் இராம்சேசு அரபு மொழி பேசுகிறான்! இராம்சேசு ஆண்டது கி.மு. 13-ஆம் நூற்றாண்டு. அரபுப் படை எகிப்துக்குள் நுழைந்தது கி.பி. 639-இல். ஏறத்தாழ 1,850 ஆண்டுகளை ஒரே தாவலில் தாண்டிவிட்டான் மன்னன். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆட்டத்திலோ கான்ஸ்டாண்டிநோபிளின் பைசாந்தியப் படை இலத்தீன் பேசுகிறது. அந்நாட்டு மக்கள் பேசியதும், 7-ஆம் நூற்றாண்டு முதல் அரசு நடத்தியதும் கிரேக்க மொழியில். ஹூணர் வாயிலே மங்கோலிய மொழி. ஹூணர் மொழியில் நமக்குக் கிடைத்திருப்பதோ விரல்விட்டு எண்ணத்தக்க சில சொற்கள்தாம்.

"மாண்டவர் எப்படிப் பேசினார் என்று எவருக்குத் தெரியும்? ஒலி காற்றோடு போயிற்று" என்று கை விரிப்பார்கள். இது சோம்பலின் வாதம். ஒலி காற்றோடு போனாலும் அதன் காலடி மண்ணிலே கிடக்கிறது. தேடுவோருக்குத் தெரியும்.

எகிப்தியர் தம் சித்திர எழுத்தில் உயிரொலிகளை எழுதவில்லை. 1822-இல் சாம்போலியோன் அந்த எழுத்தின் திறவுகோலைக் கண்டபோது, அவருக்குக் கைகொடுத்தது கோப்து மொழி. எகிப்திய மொழியின் கடைசி வடிவம் அது. கிரேக்க எழுத்துகளைத் தழுவியதால் உயிரொலிகளோடு எழுதப்பட்டது. இன்றும் எகிப்தியக் கிறித்தவர் வழிபாட்டில் ஒலிக்கிறது. மேலும், இராம்சேசு ஹிட்டைட்டு மன்னனோடு செய்த உடன்படிக்கை அக்காதிய மொழியிலே களிமண் பலகையில் கிடைத்தது. அதில் மன்னன் பெயர் 'ரியமஷேஷ' என உயிரொலிகளோடு பதிவாகியிருக்கிறது. அயலான் காதில் விழுந்த பெயர் அது.

இலத்தீனுக்கு வாருங்கள். உரோமப் பேரரசனை ஆங்கிலேயன் 'சீசர்' என்கிறான். ஆனால் கிரேக்கன் தன் எழுத்தில் 'கைசர்' என்றே எழுதினான். செர்மானியன் வாயிலும் அது 'கைசர்' ஆகவே தங்கிற்று. உரோமன் வாயிலிருந்த ஒலி இவ்வாறு அண்டை வீட்டில் அடைக்கலம் புகுந்தது. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரின் சுவர்களிலே சாதாரண மக்கள் கீறிய எழுத்துகள் ஏராளம். அவற்றிலே சொல்லிறுதியில் வரவேண்டிய மகர ஒலி பல இடங்களில் இல்லை. படித்தவன் அதைப் பிழை என்பான். மொழியறிஞன் அதையே சாட்சி என்கிறான். பேச்சிலே அந்த ஒலி தேய்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சி.

தோழர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். இலக்கண நூல் புலவன் எப்படிப் பேச விரும்பினான் என்பதைச் சொல்லும். பாமரனின் எழுத்துப்பிழையோ மக்கள் எப்படிப் பேசினார்கள் என்பதைச் சொல்லும். திரையில் நாம் சுட்டும் உழவனும் விறகுவெட்டியும் காலாள் வீரனும் எந்த வகுப்பார்? பிழையாக எழுதிய வகுப்பார். பெரும்பாலோர் எழுதவே தெரியாத வகுப்பார். அவர்கள் வாயிலே அரண்மனைப் புலவன் மொழியையோ வேள்விச்சாலைப் புரோகிதன் மொழியையோ திணிப்பது வரலாறாகுமா?

இங்கேதான் மிகப் பெரிய ஏமாற்றுக்கு இடமிருக்கிறது. பண்டைய இந்தியா என்றதும் பலருக்குச் சட்டென்று நாவில் வருவது சமற்கிருதம். மௌரியப் படைவீரனை எவரேனும் ஆட்டத்தில் கொண்டுவந்தால், 'பழமை வேண்டுமா? பேசட்டும் சமற்கிருதம்' என்று தீர்ப்பளிக்க ஆயிரம் பேர் அணியமாக இருக்கிறார்கள். அசோகனைக் கேட்டுப் பார்த்தார்களா? கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் பாறைகளிலும் தூண்களிலும் தன் நெறியைப் பொறித்தானே, ஒன்றையேனும் சமற்கிருதத்தில் பொறித்தானா? இல்லை. பிராகிருதத்தில் பொறித்தான், அதுவும் இடத்துக்கு ஏற்றபடி. கிழக்கே 'லாஜா' என்றும் மேற்கே கிர்நாரில் 'ராஜா' என்றும் வட்டார ஒலி வேறுபாடு கல்லிலேயே தெரிகிறது. வடமேற்கே கரோஷ்டி எழுத்து. காந்தகாரிலோ, அங்கிருந்த மக்களுக்காகக் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதச் செய்தான். ஆளப்படுவோருக்குப் புரிய வேண்டும் என்று எண்ணிய அரசன் அவன்.

அதே கிர்நார்ப் பாறையிலே இன்னொரு பக்கம் மன்னன் உருத்திரதாமன் கல்வெட்டு இருக்கிறது, காலம் கி.பி. 150 அளவு. அது சமற்கிருதம். அசோகனுக்கு ஏறத்தாழ 400 ஆண்டுகள் பின்னால்! ஒரே பாறை, முந்தியது மக்கள் மொழி, பிந்தியது மேலோர் மொழி. 'ஆதியிலிருந்தே அனைத்திற்கும் தாய்' என்று பேசுவோர் அந்தப் பாறையைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்தால் போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நம்மை நாமே கேட்டுக்கொள்ளாவிட்டால் அது பகுத்தறிவாகாது. பிறர் முதுகில் தட்டும் கோலை நம் முதுகிலும் தட்டிப் பார்ப்போம்.

இராசேந்திரன் ஆண்டது 1014 முதல் 1044 வரை. 1025-இல் அவன் கப்பற்படை கடல் கடந்து ஸ்ரீவிசயத்தைத் தாக்கியது. அந்தக் கப்பலிலே துடுப்பு வலித்தவன் எப்படிப் பேசியிருப்பான்? நம் நாடக மேடைகளிலும் திரைப்படங்களிலும் அரசரும் தளபதியும் பேசிய அடுக்குத் தமிழ் நம் காதிலே இன்றும் முழங்குகிறது. அந்தத் தமிழை நாம் குறைத்துப் பேச மாட்டோம். மணிப்பிரவாளக் குழப்பத்தில் கிடந்த மேடையை அது மீட்டது. கூலிக்காரனும் தன் மொழியைக் கேட்டுத் தலை நிமிர்ந்தான். ஆனால் அது நாம் இந்த நூற்றாண்டுப் போருக்காக வடித்த வாள். அதை எடுத்துப் போய் 11-ஆம் நூற்றாண்டு மாலுமியின் இடுப்பில் கட்டி, 'இதுவே சோழர் காலத் தமிழ்' என்றால், நாமும் வரலாற்றைப் புனைந்தவராவோம்.

சான்று எங்கே என்கிறீர்களா? தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் பொறித்த கல்வெட்டைப் பாருங்கள். கொடை கொடுத்தவர் பட்டியலைச் சொல்லும் இடத்திலே 'கொடுத்த' என்று இல்லை. 'குடுத்த' என்றே வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் அரசன் ஆணையில் நின்ற ஒலி, இன்றும் நம் வீட்டுத் திண்ணையில் கேட்கும் ஒலி! பண்டிதர் கொச்சை என்று ஒதுக்குவதைப் பெருவேந்தன் கல்லிலே ஏற்றியிருக்கிறான். இன்னும் முன்னே செல்லுங்கள். எகிப்திலே செங்கடற்கரையில் குசைர் அல் காதிம் என்னும் பழந்துறையில், ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முற்பட்ட பானை ஓடொன்று தமிழ் எழுத்தோடு கிடைத்தது. அதை 'பானை ஒறி' என்று படித்தார் ஐராவதம் மகாதேவன். நூல் வழக்கு 'உறி'. கடல் கடந்து போன தமிழன் எழுதியது 'ஒறி'. புலவன் பாட்டல்ல அது. சரக்கோடு சென்ற ஒருவன் தன் பானைக்கு இட்ட அடையாளம். கடலோடியின் குரல் வேண்டுமென்றால், இதைவிட நெருங்கிய சாட்சி எங்கே கிடைக்கும்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலே மன்னர் குலப் பெருமை பாடும் பகுதி வடமொழியில் இருக்கிறது. நிலக்கொடையின் எல்லையும் விவரமும் தமிழில் இருக்கின்றன. புகழுக்கு ஒரு மொழி, புழுதிக்கு ஒரு மொழி! ஆட்டத்திலே இராசேந்திரன் தமிழ் முழங்கக் கேட்டு மகிழும் நாம், இந்த உண்மையையும் அறிந்துகொண்டே மகிழ வேண்டும்.

'திராவிடர்' என்ற பெயரில் தமிழ் மட்டும் ஒலிப்பதும் சரியா? போசள மன்னன் படையில் கன்னடம் பேசியவன் எங்கே போனான்? காகதீயன் படையில் தெலுங்கு பேசியவன் எங்கே? இந்தியர் அனைவருக்கும் ஒரே மொழி என்றபோது கொதித்த நாம், திராவிடர் அனைவருக்கும் ஒரே மொழி என்னும்போது அது நம் மொழி என்பதற்காக வாய் மூடி இருந்தால், நாம் எதிர்த்தது ஆதிக்கத்தையா, ஆதிக்கம் நம் கையில் இல்லாததையா?

செய்யத் தெரிந்தவர்கள் நேர்மையாகச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2016-இல் வந்த 'ஃபார் க்ரை பிரைமல்' போர்த்தந்திர விளையாட்டன்று. எனினும் எடுத்துக்காட்டத் தக்கது. கற்கால மனிதரைக் காட்டும் அந்த ஆட்டத்துக்கு, கென்டக்கி பல்கலைக்கழக மொழியியலார் ஆண்ட்ரூ பேர்ட், பிரென்னா பேர்ட் முதலியோர் ஒரு மொழியையே ஆக்கித் தந்தனர். கிடைத்த மொழிகளை ஒப்பிட்டு அறிஞர் மீட்டுருவாக்கிய முந்தை இந்தோ-ஐரோப்பிய மொழியை அடிப்படையாகக் கொண்டு அதைப் படைத்ததாக வெளிப்படையாகவே கூறினர். ஊகத்தை ஊகம் என்று ஒப்புக்கொள்வதே ஆராய்ச்சி. ஊகத்தை வேதம் என்பதே வைதிகம்.

ஆட்டம் ஆக்குவோரிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் மூன்று. வீரன் பேசும் மொழிக்குச் சான்று எது, ஊகம் எவ்வளவு என்பதை ஆட்டத்தோடு சேர்த்தே சொல்லுங்கள். உழவனுக்கும் மாலுமிக்கும் சொல் தேடும்போது, பானை ஓட்டையும் சுவர்க் கீறலையும் முதலில் பாருங்கள்; புரோகிதன் சுவடியைப் பிறகு பாருங்கள். அம்மொழியின் வழிவந்தோர் இன்று உயிரோடிருந்தால் அவர்களை அழைத்து, உரிய ஊதியம் தந்து, பெயரும் இட்டுப் பேசச் செய்யுங்கள். அசுடெக்கு மன்னன் மாண்டுபோனான். ஆனால் அவன் பேசிய நவாத்து மொழியை மெக்சிகோவில் 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் அருங்காட்சியகப் பொருள்களல்லர்.

இளைஞர்களே, உங்களிடம் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை திரையில் அந்த வீரனைச் சுட்டும்போது, அவன் சொல்லும் சொல்லைக் கேட்டுப் பூரிப்பதற்கு முன், 'இதை யார் எழுதி வைத்தார்? எதைப் பார்த்து எழுதினார்?' என்று கேளுங்கள். நம் மொழி ஒலிக்கும்போதும் கேளுங்கள். அப்போது இன்னும் உரக்கக் கேளுங்கள். பானை ஓட்டிலே 'ஒறி' என்று கீறியவனுக்குப் பேர் இல்லை, பட்டம் இல்லை. அவன் குரலை அவன் குரலாகவே கேட்கும் நாளில்தான் உழைத்தவனுக்கும் வரலாற்றில் வாய் உண்டு என்று பொருள்.