உரையில்லாத ஒரு வரி

காஞ்சிபுரத்தில் நெசவாளர்களுக்குக் கூலிச் சீட்டு அடிக்கும் ஒரு சின்ன மென்பொருளைச் சில வருடங்கள் நான் பார்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் யாரோ எழுதியது. அதில் ஓர் இடம் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. சீட்டில் பெயருக்கு 14 இடம்தான். பெயரை 14-இல் வெட்டினால் வேலை முடிந்தது. அதற்குப் போய் அந்த மனிதர் பெயரைத் துண்டு துண்டாகப் பிரித்து, எண்ணி, மறுபடி ஒட்டியிருந்தார். ஏன் என்று ஒரு கமெண்ட் கிடையாது. நான் அத்தனையையும் நீக்கிவிட்டு, பைத்தானில் எல்லோரும் வெட்டுகிற மாதிரி ஒரே வரியில் வெட்டினேன். ஓடியது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் ஒரு அம்மா சீட்டை நீட்டி, "எம் பேருல புள்ளி எங்கப்பா போச்சு?" என்று கேட்டார். காமாட்சியம்மாள் என்ற பெயர் 'காமாட்சியம்மாள' என்று அச்சாகியிருந்தது. நமக்கு அது 8 எழுத்து. யூனிகோடுக்கு 15 குறியீடு. துணைக்கால் தனி, கொக்கி தனி, புள்ளி தனி. பதினைந்தாவது குறியீடு அந்தக் கடைசிப் புள்ளி. முன்னவர் எழுத்தாக எண்ணியிருந்தார். நான் குறியீடாக எண்ணினேன்.

அன்றிலிருந்து நிரலை ஒரு வாசகனாகப் படிக்க ஆரம்பித்தேன். நிரல் என்பது கணினிக்கான கட்டளை மட்டும்தான் என்றால் கமெண்டுக்கு அங்கே வேலையே இல்லை. கணினி அதைத் தாண்டிப் போய்விடும். கமெண்ட் முழுக்க முழுக்க மனிதருக்கு மனிதர் எழுதுவது. தமிழில் இதற்கு ஒரு பழைய பெயர் உண்டு: உரை.

உரை என்றால் இந்த ஊர்க்காரனுக்குப் பரிமேலழகர் ஞாபகம் வராமல் இருக்காது. காஞ்சி உலகளந்த பெருமாள் கோயிலோடு அவரைச் சேர்த்துச் சொல்வது மரபு. குறளுக்கு உரை எழுதிய பதின்மரில் கடைசியாக வைத்து எண்ணப்படுபவர். அவருடைய உரையில் எனக்குப் பிடித்தது பொருள் சொல்லும் இடங்களைவிடக் காரணம் சொல்லும் இடங்கள். இந்த அதிகாரத்துக்குப் பின் அந்த அதிகாரம் ஏன் வந்தது என்று ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் சொல்லுவார். வேறு பாடம் இருந்தால் அதையும் எடுத்துக்காட்டி, தான் ஏன் அதை ஏற்கவில்லை என்பார். நாம் உடன்படாமல் போகலாம். ஆனால் உடன்படாமல் இருக்கத் தேவையான தகவலை அவரே கொடுத்துவிடுகிறார். நல்ல கமெண்டும் இதைத்தான் செய்ய வேண்டும். 'இங்கே பெயரை வெட்டுகிறோம்' என்பது நிரலைப் பார்த்தாலே தெரியும். 'குறியீட்டில் வெட்டினால் புள்ளி போய்விடும், அதனால் எழுத்தில் வெட்டுகிறோம்' என்பதுதான் உரை.

"நல்ல நிரலுக்குக் கமெண்டே தேவையில்லை" என்று ஒரு கட்சி உண்டு. பெயர்களைச் சரியாக வைத்தால் போதுமாம். பாதி உண்மை. பெயர் 'என்ன' என்பதைச் சொல்லும். எதை முயன்று கைவிட்டோம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்பதை எந்தப் பெயரும் சொல்லாது.

ஆனால் உவமையை இதற்கு மேல் இழுக்க முடியாது. பரிமேலழகர் கையில் இருந்த மூலத்தைத் திருத்துவது அவர் வேலை இல்லை. நிரலை, அதுவும் கட்டற்ற திட்டங்களில், முன்பின் தெரியாத ஐம்பது பேர் தினமும் திருத்துகிறார்கள். மூலம் மாறிவிடும், உரை பழைய மூலத்துக்கு உரையாகவே நின்றுகொண்டிருக்கும். உரை இல்லாத நிரலில் நாம் குழம்புவோம், அவ்வளவுதான். பொய்யாகிப்போன உரையை நம்பி நடப்போம்.

டொனால்ட் நூத் 1984-இல் 'லிட்டரேட் புரோகிராமிங்' என்ற கருத்தை முன்வைத்தார். நிரலை ஒரு கட்டுரைபோல, மனிதருக்கு விளக்கும் வரிசையில் எழுத வேண்டும் என்றார். இலக்கிய வாசகரான நமக்கு இனிக்கும் யோசனை. ஆனால் அதே நூத்தான் 1977-இல் ஒரு குறிப்பில், இந்த நிரல் சரி என்று நிறுவியிருக்கிறேனே தவிர ஓட்டிப் பார்க்கவில்லை, ஜாக்கிரதை என்று எழுதியவர். விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

ஓட்டிப் பார்ப்பதுதான் டெஸ்ட். எங்கள் ஊரில் ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வது கமெண்ட், சுரண்டல் டெஸ்ட். நிரலில் அது ஒரு சின்னக் கூற்று: 'காமாட்சியம்மாள் என்று கொடுத்தால் 8 என்று வர வேண்டும்.' யாராவது மூலத்தை மாற்றி 15 வந்தால், அந்தக் கணமே சிவப்பு விளக்கு எரியும். தான் பொய்யாகிவிட்டதைத் தானே கத்திச் சொல்லும் உரை என்று இதைச் சொல்லலாம்.

இந்த இரண்டு அளவுகோல்களோடு ஓப்பன்-தமிழைப் படித்தேன். எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் நண்பர்களும் வளர்த்த பைத்தான் நூலகம் அது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 5 என்னும். ஓப்பன்-தமிழ் 3 எழுத்தாகப் பிரித்துத் தரும். அதன் பெயரிடல் அருமை. உயிர், மெய், அகரம், ஆய்தம் என்று இலக்கண வகுப்பின் சொற்களே மாறிகளின் பெயர்களாக நிற்கின்றன. எழுத்தைப் பிரிக்கும் எடுத்துக்காட்டுக்கு 'கூவிளம் என்பது என்ன சீர்' என்று ஒரு வாக்கியம். யாப்பு படித்த ஒருவர் சிரித்துக்கொண்டே எழுதிய டெஸ்ட் வாக்கியம் அது என்று தோன்றியது.

அங்கேயே எனக்குக் குறையாகப் பட்டதும் இருக்கிறது. மொத்தத் தமிழ் எழுத்துகளைக் கணக்கிடும் ஒரு வரி: 247 + 6*12 + 22 + 4, அதிலிருந்து அகர வரிசையின் 18-ஐயும் இன்னொரு 4-ஐயும் கழித்தல். பக்கத்தில் ஒரே கமெண்ட்: 323. கூட்டிப் பார்த்தால் சரிதான். 247 தெரியும், ஆறு கிரந்த எழுத்துகள் பன்னிரண்டு உயிரோடு சேர்வதும் தெரியும். 22 எதற்கு? 4-ஐக் கூட்டியது ஏன், பிறகு கழித்தது ஏன்? 323 வருகிறதா என்று ஒரு டெஸ்ட் எழுதினால் அது தேறிவிடும். ஆனால் 323 ஏன் என்பதற்கு டெஸ்டால் பதில் சொல்ல முடியாது. டெஸ்ட் காவல்காரர், காரணம் சொல்ல உரைகாரர்தான் வர வேண்டும்.

எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளைப் பாருங்கள். நம் எல்லோருடைய செல்போனிலும் இருப்பது. 2023-இல் வந்த 3.42 பதிப்பில் நிரல் சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம் வரி. அதைச் சோதிக்கும் நிரல் 9 கோடியே 20 லட்சம் வரி. 590 மடங்கு. மூலத்தைப் பொதுவுடைமையாக்கிய அவர்கள், டிஎச்3 என்ற தங்கள் முக்கியமான டெஸ்ட் தொகுப்பை மட்டும் பொதுவில் விடவில்லை. சொத்து எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

தமிழுக்கு அந்தச் சொத்து நம்மிடம்தான் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் ஒரே உயிர்க்குறியாலும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. தேடும்போது ஒன்று கிடைத்து இன்னொன்று கிடைக்காவிட்டால் யாரோ ஒருவர் பட்டியலில் இல்லாமல் போகிறார். 'ஸ்ரீ'யிலும் இதே சிக்கல்: 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தோடு ஒன்று, பழைய ஸகரத்தோடு ஒன்று. இதையெல்லாம் டெஸ்டாக எழுதப் பெரிய நிரலராக இருக்க வேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும். காரணம் தமிழ் இலக்கணத்தில் இருக்கும்போது கமெண்டையும் தமிழிலேயே எழுதலாம் என்பது என் கட்சி. இதே ஊரின் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, 2012-இல் தொடங்கிய கணியம் போன்றவை வழியாகக் கட்டற்ற மென்பொருளுக்குள் வரும் பிள்ளைகள் முதலில் படிக்கப்போவது அந்தக் கமெண்டைத்தான்.

முன்னவர் எழுதியதை நான் திரும்பக் கொண்டுவந்தேன். மேலே இரண்டு வரிக் கமெண்ட், கீழே ஒரு டெஸ்ட். டெஸ்டில் போட்டது அந்த அம்மாவின் பெயரைத்தான்.

அந்த 22-க்கும் இரண்டு 4-களுக்கும் காரணம் தெரிந்தவர்கள் எனக்குப் பதில் எழுத வேண்டாம். அந்த வரிக்கு மேலே எழுதுங்கள்.