முல்லர் ஏன் முதலிடம்? ஒரு பெயர் அட்லஸும் சில கேள்விகளும்

ஜெர்மன் குடும்பப்பெயர்கள் பற்றித் தேடினால் வருவதெல்லாம் அர்த்தப் பட்டியல்தான். முல்லர் என்றால் தானியம் அரைக்கும் ஆலைக்காரர், ஷ்மிட் என்றால் கொல்லர், ஷ்னைடர் என்றால் தையல்காரர். தப்பில்லை. ஆனா படிக்கிறவர் தானாகவே ஒரு முடிவுக்கு வந்துடுவார்: ஜெர்மனியில் அதிகம் பேருக்கு இருக்கிற பெயர் முல்லர், அப்போ அந்தக் காலத்துல ஆலைக்காரர்கள்தான் அதிகம் போல!

அப்படி இல்லைங்க. இந்தப் பெயர்கள் நிலைபெற்ற இடைக்காலப் பிற்பகுதியில் பெரும்பாலோர் உழவர்கள். ஆனால் உழவர் என்று பொருள்படும் பாவர், எண்ணிக்கையில் முல்லருக்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறது. ஊரே உழும்போது 'உழவர்' என்று சொல்லி யாரை அடையாளம் காட்டுவது? ஆலை வைத்திருந்தவர் ஊருக்கு ஒருத்தர். டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால், பிரித்துக் காட்டுகிற விஷயம்தான் 'கீ' ஆக முடியும். அந்த ஒருத்தர் ஊர் ஊராக இருந்ததால் பெயரும் ஊர் ஊராகத் தனித்தனியே முளைத்தது.

பட்டியல்களைத் தாண்டிப் போகிற வேலை, கொன்ராட் குன்ட்சேயும் டமாரிஸ் நியூப்லிங்கும் பதிப்பித்த ஜெர்மன் குடும்பப்பெயர் அட்லஸ் (2009–2018, 7 தொகுதிகள்). 2005-ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகளை வைத்துப் பெயர்களை மேப்பில் போட்டிருக்கிறார்கள். தொழில்பெயர்கள் 5-ஆம் தொகுதியில். வண்டி செய்யும் தச்சர் தெற்கிலும் நடுப்பகுதியிலும் வாக்னர், வடமேற்கில் ராடெமாக்கர். குயவர் தெற்கில் ஹாஃப்னர், கிழக்கில் ட்யோப்ஃபர். தொழில் ஒன்றுதான், சொல் மட்டும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுது. பல நூற்றாண்டுக்கு முந்தைய பேச்சு வழக்கு போன் கனெக்‌ஷன்ல தெரியறது ஆச்சரியம்தான்.

ஆனால் இந்த மேப்பை அப்படியே இடைக்கால மேப்பாகப் படிக்கக் கூடாது. 1945-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இன்று போலந்தில் இருக்கும் பகுதிகளிலிருந்து பல லட்சம் ஜெர்மானியர்கள் மேற்கே துரத்தப்பட்டார்கள். பெயர்களும் கூடவே வந்தன. ஊர்த்தலைவரைக் குறிக்கும் ஷுல்ட்ஸ், சிலேசியாவில் ஷோல்ட்ஸ் என்று வழங்கியது. அந்த சிலேசியாவின் பெரும்பகுதி இன்றைய ஜெர்மனி மேப்பிலேயே கிடையாது. அங்கே ஒரு ஷோல்ட்ஸைக் காட்டும் புள்ளி, அந்தப் பெயர் பிறந்த ஊராக இருக்கணும்னு இல்லை. அகதியாக வந்த ஒரு குடும்பம் இறங்கின இடமாகவும் இருக்கலாம்.