எள்ளலிலிருந்து இளிவுக்கு: சின்னத்திரை நகைச்சுவை நடிகர்கள் ஏற்ற அவலப் பாத்திரங்கள் - ஒரு மெய்ப்பாட்டியல் நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் அறிமுகமாகிப் பின்னர்த் திரைப்படத்தில் அவலமும் பெருமிதமும் மிக்க பாத்திரங்களை ஏற்ற நடிகர்களைப் பற்றிய திறனாய்வு, பெரும்பாலும் ‘நகைச்சுவையைக் கைவிட்டுத் தேர்ந்த நடிகரானார்’ என்னும் முடிவிலேயே நின்றுவிடுகிறது. யோகி பாபு நடித்த ‘மண்டேலா’ (2021), சிவகார்த்திகேயன் நடித்த ‘மாவீரன்’ (2023), ‘அமரன்’ (2024) ஆகிய மூன்று படங்களைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு அணுகும் இக்கட்டுரை அம்முடிவை மறுக்கிறது. முதலிரு படங்களும் நகையைக் கைவிடவில்லை. நகை பிறக்கும் களத்தையே அவலத்தின் களமாகக் காட்டுகின்றன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: மெய்ப்பாடு, எள்ளல், இளிவு, சின்னத்திரை, யோகி பாபு, சிவகார்த்திகேயன், மடோன் அஸ்வின்

முன்னுரை

நகைச்சுவை நடிகர் அவலப் பாத்திரம் ஏற்பது தமிழ்த் திரைக்குப் புதிதன்று. மேடையிலிருந்து வந்த நாகேஷ் ‘சர்வர் சுந்தரம்’ (1964), ‘நீர்க்குமிழி’ (1965) ஆகிய படங்களில் இதனை நிகழ்த்திக் காட்டினார். 2000க்குப் பின்னர் மேடையின் இடத்தைத் தொலைக்காட்சி பெருமளவு எடுத்துக்கொண்டது. விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’, ‘கலக்கப் போவது யாரு’ ஆகிய நிகழ்ச்சிகள் சந்தானம், யோகி பாபு, சிவகார்த்திகேயன் முதலியோரைத் திரைக்கு அளித்தன. இவர்களுள் சந்தானம் நாயகனான பின்னும் நகைச்சுவைக் களத்திலேயே பெரிதும் இயங்கினார். ஏனைய இருவரும் வேறு திசையிலும் சென்றனர். அத்திசையின் தன்மையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்ப்பாட்டியல் தரும் அளவுகோல்

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கும் நகைக்கு நிலைக்களன்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகிய நான்கும் அழுகைக்கு நிலைக்களன்கள். இவ்விரு பட்டியல்களின் முதற்சொற்கள் கருதத்தக்கவை. எள்ளல் என்பது ஒருவரை இகழ்ந்து நகுதல். இளிவு என்பது பிறரால் இகழப்பட்டு எளியராதல். நிகழ்வு ஒன்றே, நிற்கும் இடம் வேறு. இகழ்பவர் பக்கம் நின்றால் நகை தோன்றுகிறது, இகழப்படுபவர் பக்கம் நின்றால் அழுகை தோன்றுகிறது. மெய்ப்பாடுகள் தன்கண் தோன்றுவனவாகவும் பிறன்கண் தோன்றுவனவாகவும் அமையும் என உரையாசிரியர் பகுத்துக் காட்டுவதும் இந்த இடமாற்றத்தை விளங்கிக்கொள்ள உதவுகிறது.

சின்னத்திரை நகைச்சுவையின் முதன்மையான நிலைக்களன் எள்ளலே. ‘லொள்ளு சபா’ புகழ்பெற்ற திரைப்படங்களைப் பகடி செய்தது. ‘கலக்கப் போவது யாரு’ பலகுரல் கலைக்கு மேடை அளித்தது. அறிந்த நடிகரின் குரலை மிகைப்படுத்திக் காட்டுவதும் ஒருவகை எள்ளலாகும். இந்நிகழ்ச்சிகளில் எள்ளல் பெரும்பாலும் மேல்நோக்கியது. புகழின் உச்சியில் இருப்போரே அங்கு நகைப்பொருளாயினர். திரைப்படத்திற்கு வந்தபோது திசை மாறியது. நகைச்சுவை நடிகரின் நிறம், உடற்பருமன், தலைமுடி ஆகியனவே நகைப்பொருளாயின. எள்ளியவர் எள்ளப்படுபவரானார். யோகி பாபுவின் திரைவாழ்வு இதற்குத் தெளிவான சான்று.

மண்டேலா: பெயரற்றவனின் சிரிப்பு

மடோன் அஸ்வின் இயக்கிய ‘மண்டேலா’வில் யோகி பாபு ஏற்றது ஓர் ஊரின் முடிதிருத்தும் தொழிலாளி பாத்திரம். வடக்கூர், தெக்கூர் எனப் பிரிந்து கிடக்கும் ஊரார் அவனை ‘இளிச்சவாயன்’ என்றும் ‘ஸ்மைல்’ என்றும் அழைக்கின்றனர். அவனுக்கென்று ஒரு பெயர் உண்டா என எவரும் கேட்டதில்லை. அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்க அடையாள அட்டை வேண்டியிருப்பதால் அங்குப் பணிபுரியும் தேன்மொழி அவனுக்கு நெல்சன் மண்டேலா எனப் பெயரிடுகிறாள். ஊராட்சித் தேர்தலில் இரு தரப்புக்கும் வாக்குகள் சமமாக அமைய, அவனுடைய ஒற்றை வாக்கே முடிவைத் தீர்மானிக்கும் நிலை உருவாகிறது.

இப்படத்தின் ஆற்றல் அப்பட்டப்பெயரிலேயே உள்ளது. பல்லைக் காட்டிச் சிரிப்பதை இளித்தல் என்கிறோம். இகழ்ச்சிக்கு ஆளாதலை இளிவு என்கிறோம். சொல்லொலியில் நெருங்கி நிற்கும் இவ்விரண்டையும் படம் ஒரே முகத்தில் வைக்கிறது. ஏவல்களுக்கெல்லாம் அவன் சிரிக்கிறான். அச்சிரிப்பு மகிழ்ச்சியினால் வருவதன்று, பிழைத்திருப்பதற்கான வழி. பிற படங்களில் யோகி பாபுவின் தோற்றத்தைக் கண்டு சிரித்துப் பழகிய பார்வையாளர் முதற்காட்சிகளில் ஊராருடன் சேர்ந்தே சிரிக்கிறார். கதை நகர நகர, தாம் நிற்பது எள்ளும் ஊராரின் பக்கம் என்பது அவருக்குப் புலனாகிறது. இளிச்சவாயனாக வேறொரு நடிகர் நடித்திருப்பின் பார்வையாளரின் பழக்கம் இவ்வாறு அவருக்கு எதிராகத் திரும்பியிராது. நடிகரின் முன்வரலாறே இங்குப் பனுவலின் பகுதியாகிறது.

நடிப்பிலும் இது தெளிவு. யோகி பாபு தம் வழக்கமான உடனடி எதிர்மொழிகளைக் குறைத்துக்கொள்கிறார். ஆனால் முகத்தையும் உடலையும் மாற்றவில்லை. வாக்கின் மதிப்பை உணர்ந்ததும் தனக்கென வசதிகளைப் பெறத் தொடங்குபவன், பின்னர் ஊருக்கான தேவைகளைக் கேட்பவனாக வளர்கிறான். அவ்வளர்ச்சி நிமிர்ந்த நடையாலோ உரத்த குரலாலோ உணர்த்தப்படவில்லை. சிரிப்பு தேவைப்படாத இடத்தில் சிரிக்காமல் இருப்பதால் உணர்த்தப்படுகிறது. இப்படம் 2021 ஏப்ரல் 4 அன்று, தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரு நாள்களுக்கு முன், திரையரங்கிற்குச் செல்லாமல் விஜய் தொலைக்காட்சியிலேயே நேரடியாக வெளியானது. பகடியால் அறிமுகமான அதே சின்னத்திரைக்கு, எள்ளப்படுபவனின் கதையுடன் அவர் திரும்பியதாக இதனைக் கொள்ளலாம். படம் 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிமுக இயக்குநர் படத்திற்கான விருதையும் உரையாடலுக்கான விருதையும் பெற்றது.

மாவீரன்: இரவல் குரலும் அஞ்சும் உடலும்

அதே இயக்குநரின் ‘மாவீரன்’ சிவகார்த்திகேயனின் தொலைக்காட்சி முன்வரலாற்றை வேறுவகையில் பயன்கொள்கிறது. சத்யா நாளிதழுக்குச் சித்திரக்கதை வரைபவன்; அநீதி கண்டும் ஒதுங்கிச் செல்பவன். குடிசைப் பகுதியிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு அவன் குடும்பம் குடியேறும் அடுக்குமாடி வீடு, தொட்டால் உதிரும் தரத்தில் உள்ளது. ஒரு கட்டத்தில் அவன் செயல்களை விவரிக்கும் ஒரு குரல் அவனுக்கு மட்டும் கேட்கத் தொடங்குகிறது. விஜய் சேதுபதியின் அக்குரல் வீரம் பேசுகிறது. சத்யாவின் உடல் நடுங்குகிறது.

பிறர் குரலைத் தன் உடலில் ஏற்றுவது பலகுரல் கலைஞனின் தொழில். அங்குக் குரல் அவனுக்கு அடங்கியது. இங்கோ பிறர் குரல் உடலை ஆள்கிறது. நடிகர் நிமிர்ந்து பார்ப்பதும் திகைப்பதும் அக்குரலுக்கு ஆற்றும் எதிர்வினைகள். நகை இவ்விலகலிலிருந்து பிறக்கிறது. அவலமும் அங்கேயே உள்ளது. அச்சத்தின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை ஆகியவற்றுள் இறுதியானது இங்குப் பொருந்துகிறது. அமைச்சர் ஜெயக்கொடியின் முன் சத்யா கொள்ளும் அச்சம், ஆள்வோர்முன் எளியோர் கொள்ளும் அச்சம். அதனைக் கேலிக்குரியதாக்காமலே படம் சிரிக்க வைக்கிறது.

அமரன்: நகை ஒதுங்கிய இடம்

ராஜ்குமார் பெரியசாமி இயக்கிய ‘அமரன்’ முதலிரு படங்களிலிருந்து விலகி நிற்கிறது. 2014இல் காஷ்மீரில் வீரமரணம் அடைந்து அசோக் சக்கர விருது பெற்ற மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கை, அவர் மனைவி இந்துவின் நினைவுகூரலாக விரிகிறது. தறுகண் என்னும் நிலைக்களனில் பிறக்கும் பெருமிதமே இங்கு முதன்மை மெய்ப்பாடு. நகை காதற்பகுதிகளில் மட்டும் மெல்லத் தோன்றி, போர்க்களக் காட்சிகளில் ஒதுங்குகிறது. இழவினால் வரும் அழுகையைப் பெரிதும் சாய் பல்லவி ஏற்ற இந்துவே சுமக்கிறாள். சிவகார்த்திகேயனின் நடிப்பில் உள்ள கட்டுப்பாடு பாராட்டத்தக்கது. ஆயினும் அவரது முன்வரலாறு பாத்திரத்திற்குப் பொருள் சேர்க்கவில்லை. பார்வையாளர் அதனை மறந்தால்தான் பாத்திரம் நிலைபெறும். நட்சத்திரத் தகுதியை உயர்த்திய படம் எனினும், கலைநோக்கில் ‘மாவீரன்’ எடுத்த இடர் இதைவிடப் பெரிது.

முடிவுரை

நகைச்சுவை நடிகர் அவலப் பாத்திரத்தில் வெல்வது அவர் நகையைத் துறந்ததற்கான பரிசு அன்று. ‘மண்டேலா’வும் ‘மாவீரனு’ம் காட்டுவதுபோல், எள்ளலுக்கும் இளிவுக்கும் இடையிலான குறுகிய தொலைவை உடலால் அறிந்தவர் என்பதே அவரது வலிமை. ஆயினும் இம்மாற்றத்தை மிகைப்படுத்தலாகாது. ‘மண்டேலா’வுக்குப் பின்னும் யோகி பாபுவுக்கு மிகுதியாகக் கிடைத்தவை துணைநிலை நகைச்சுவைப் பாத்திரங்களே; ‘மாவீரனி’லும் அவர் கட்டடத்தின் விரிசல்களைப் பூசும் தொழிலாளியாக நகைச்சுவைப் பொறுப்பையே ஏற்கிறார். சிவகார்த்திகேயனுக்குக் கிடைத்த உயர்வு அவருக்குக் கிடைக்கவில்லை. எத்தகைய தோற்றமுடைய நடிகருக்குத் துயரப்படும் தகுதியைத் தமிழ்த்திரை வழங்குகிறது என்னும் வினா இவ்வேறுபாட்டிலிருந்து எழுகிறது. நடிகரின் திறமையை மட்டும் அளக்கும் திறனாய்வு இவ்வினாவை எட்டாது. பார்வையாளர் எதைக் கண்டு சிரித்தனர் என்பதையும் அது கணக்கில் கொள்ளவேண்டும்.