எண்ணிக்கைக்குள் அடங்காத உழைப்பு

ஓர் ஆய்வுச் சஞ்சிகையின் ஆக்கத்திறனை அளக்கப் புகுவோர் முதலிற் செய்வது, அதில் எழுதியோரின் பெயர்களை எண்ணுவதாகும். இம்முறைக்கு வழிகாட்டியாக அமைந்தது அல்பிரட் லொட்கா 1926இல் வெளியிட்ட கட்டுரை. அமெரிக்கக் காப்புறுதி நிறுவனமொன்றிற் புள்ளிவிபர அறிஞராகக் கடமையாற்றிய அவர், இரசாயன ஆய்வுகளின் சுருக்கங்களை வெளியிட்ட 'கெமிக்கல் அப்ஸ்ட்ரக்ற்ஸ்' சஞ்சிகையின் 1907 முதல் 1916 வரையான அட்டவணையில், ஏ, பி என்னும் எழுத்துக்களிற் தொடங்கும் பெயர்களை எண்ணினார். 6,891 பேரில் 3,991 பேர் ஒரேயொரு கட்டுரையே எழுதியிருந்தனர். இரண்டு எழுதியோர் அத்தொகையில் ஏறக்குறைய நாலிலொரு பங்கினர். மேலே செல்லச் செல்லத் தொகை விரைந்து குறைந்தது.

இவ்வொழுங்கைக் கண்டறிந்தமை அரும்பணியே என்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், அந்த எண்கள் எவ்வாறு பெறப்பட்டன என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். பலர் கூடி எழுதிய கட்டுரைகளை லொட்கா முதன்மை ஆசிரியர் ஒருவரின் கணக்கிலேயே சேர்த்தார். இதனை அவர் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே கூறியுள்ளார். ஆயினும், ஆய்வுகூடத்தில் உடனுழைத்த ஏனையோர் கணக்கினின்றும் நீங்கிவிட்டனர். மேலும், 1916இல் முதற்கட்டுரை எழுதிய இளைஞரும், பெரும்பணியை 1907க்கு முன்னரே முடித்துவிட்ட முதியவரும், அப்பத்தாண்டு எல்லைக்குள் ஒரு கட்டுரை எழுதியோராகவே தோன்றுவர். ஆகவே, அவ்வட்டவணையிற் காணப்படும் 'ஒன்று' திறமைக் குறைவின் அடையாளமன்று.

இன்று ஒரு சஞ்சிகையின் ஐந்தாண்டு, பத்தாண்டு இதழ்களை எடுத்து இவ்வாறே எண்ணும் ஆய்வுகள் பல வெளிவருகின்றன. எண்ணுதல் தவறன்று. சஞ்சிகையை அளக்கும் கோலைக் கொண்டே அதில் எழுதும் மனிதரையும் அளந்து, நியமனத்தையும் பதவியுயர்வையும் தீர்மானிப்பதுதான் தவறு. சஞ்சிகையின் தாக்கக் காரணியை இத்தகைய முடிவுகளுக்குப் பயன்படுத்தலாகாதென 2012இல் சன் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் வற்புறுத்தியமைக்கும் காரணம் இதுவே.

சஞ்சிகையை மெய்யாக மதிப்பிட விரும்புவோர் வேறு சில கேள்விகளையும் எழுப்புதல் வேண்டும். ஒருமுறை எழுதியவர் மீண்டும் ஏன் எழுதவில்லை? அவருக்கு ஆய்வுகூடம் கிடைக்கவில்லையா? ஓய்வில்லாத கற்பித்தற் சுமையா? அன்றி, அவருடைய உழைப்பு வேறொருவர் பெயரில் வெளிவருகின்றதா? இக்கேள்விகளுக்கு விடை தேடாமல் எண்களை மட்டும் அடுக்கும் ஆய்வு, எழுதுவதற்கு வசதி பெற்றோரையே திறமை பெற்றோராகக் காட்டிவிடும். அந்தத் தீர்ப்பைக் கல்வித்துறையினராகிய நாம் ஏற்றுக்கொள்ளலாகாது.