கதைத்தலைவனை மறைத்த விளையாட்டு

சுவைப்போர் எதிர்பார்த்ததைத் தராத ஆக்கியோன் பழிக்கப்படுதல் எக்காலத்தும் உண்டு. எதிர்பார்ப்பைத் தானே வளர்த்துப் பின்னர்த் தானே முறிப்பவன்மீது எழும் சினம் அதனினும் கடியது. ஜப்பானியராகிய ஹிதியோ கொஜிமா இயற்ற, கொனாமி நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘மெட்டல் கியர் சாலிட் 2’ என்னும் வீடியோ விளையாட்டு அச்சினத்துக்கு இலக்காயிற்று.

பகைவர் கண்ணிற் படாமல் ஒளிந்து செல்வதே இவ்வகை விளையாட்டின் உயிர். சுவரைத் தட்டிக் காவலனைத் திசைதிருப்பலாம். அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு அதனுள் அசையாதிருக்கலாம். 1998இல் வந்த முந்திய பகுதியில் இவ்வாறு வென்ற சாலிட் சினேக் என்னும் வீரனை ஆடுவோர் பெரிதும் போற்றினர். இரண்டாம் பகுதியின் முன்னோட்டங்களிலும் அவனே நின்றான். நியூயார்க்கில் ஒரு கப்பலில் அவனாகவே ஆட்டம் தொடங்குகிறது. கப்பற்பகுதி முடிந்ததும் கதை இரண்டாண்டு தாண்ட, கடல்மேல் அமைந்த பிக் ஷெல் நிலையத்தில் ஆடுவோர்க்கு வாய்ப்பவன் ரைடன் என்னும் வெளிர்முடி இளைஞன். இறுதிவரை அவன்தான். சினேக்கோ மாற்றுப்பெயர் பூண்டு துணைவனாக வந்துபோகிறான்.

மதிப்புரையாளர் இதனை வானளாவப் புகழ்ந்தனர். அவர்தம் மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிடிக் நூற்றுக்கு 96 காட்டுகிறது. ஆடியோரிற் பலரோ கொதித்தனர். வானொலி உரையாடல்கள் நீண்டு ஆட்டத்தைத் தடுக்கின்றன என்ற அவர்தம் குறை நேரியது. அதனை மறுப்பார் அரியர். தலைவனை மாற்றியது குற்றமா என்பதே ஆராயத்தக்கது.

ரைடன், கணினி காட்டும் போலிக்களங்களிற் பயின்று, சினேக்கின் செயல்களை அங்கேயே கற்றவன். ஆடுவோரும் அவ்வாறு கற்றவரே! அவன் மேற்கொண்ட பணி முழுவதும் முந்திய கதையைப் போல நடத்திப் பார்த்த ஒரு சோதனை என்பது முடிவில் வெளிப்படுகிறது. சினேக்கையே தலைவனாக்கியிருந்தால் இவ்வடி யார்மீது விழும்? ஆட்டத்திடையே ஆடுபவர் தம் பெயரைப் பதிவுசெய்கிறார். இறுதியில் அப்பெயர் பொறித்த அடையாள வில்லை ரைடன் கழுத்திற் கிடக்கிறது. தெரிந்தவர் பெயரா என்று சினேக் வினவ, கேட்டறியாத பெயர் என்று கூறி அதை வீசி எறிகிறான். ‘சினேக்காக இல்லையே’ என்று முணுமுணுத்தவர்க்கே இக்காட்சி முழுமையாகத் தைக்கும்.

எனினும் ஆடுவோரின் வழக்கு இதனால் தள்ளுபடியாகாது. முன்னோட்டங்களில் ரைடனுக்குரிய இடங்களிலும் சினேக் காட்டப்பட்டான். சொல்லாமல் விடுதல் கலைஞன் உரிமை. இல்லாததைக் காட்டிப் பொருள் விற்றல் வாணிகன் செயல். இரண்டையும் ஒன்றாக்கி ஆக்கியோனைக் காப்போர், வாங்கியவரின் பணத்தை மறந்து பேசுகின்றனர்.

2004இல் வந்த மூன்றாம் பகுதி ரைடனின் முகச்சாயல் கொண்ட ஒருவனை நகைப்புக்குரியவனாக்கியது. 2008இல் நான்காம் பகுதியில் ரைடன் எந்திர உடலும் வாளும் கொண்டு மீண்டான், ஆடுவோர் வரவேற்றனர். 2013இல் தனி விளையாட்டுக்கே தலைவனானான். பழித்தோரிற் சிலர் 2001ஆம் ஆண்டு ஆக்கத்தையும் பின்னர்ப் புகழத் தலைப்பட்டனர். ஆயினும் 2008இல் ஏற்கப்பட்டவன் தடுமாறும் அப்பழைய இளைஞன் அல்லன். சினேக்கையும் விஞ்சும் வீரனாக மாற்றப்பட்டவன்.