விழா முடிந்த மறுநாள்

கொலு வைக்கிற வீடுகளில் படிக்குப் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கும். பெரும்பாலும் அது பிள்ளைகளின் பொறுப்பு. பழைய தாம்பாளத்திலோ சாக்கின் மேலோ மண்ணைப் பரப்பி, நவராத்திரிக்குச் சில நாள் முன்பே கடுகோ கேழ்வரகோ தூவித் தண்ணீர் தெளித்து வந்தால், கொலு தொடங்கும்போது அது புல்தரையாகியிருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியை நடுவில் பதித்தால் குளம். தீப்பெட்டிகளைக் கோத்தால் ரயில். செங்கல் துண்டுகளை அடுக்கினால் மலைக்கோயில். படிகளும் அப்படி எழுந்தவைதான். டிரங்குப் பெட்டி, அரிசி டின், ஸ்டூல், புத்தகக் கட்டு எல்லாவற்றையும் மட்டம் பார்த்து அடுக்கி மேலே ஒரு வெள்ளை வேட்டியை விரித்தால் ஐந்து படியோ ஏழு படியோ தயார். காசு கொடுத்து வாங்கியது பொம்மைகளை மட்டும்தான்.

விஜயதசமியன்று இரவு ஒரு பொம்மையைப் படுக்கவைத்து மறுநாள் கொலுவைக் கலைக்கும்போதுதான் இந்த அலங்காரத்தின் முழு அருமை தெரியும். கண்ணாடி சுவருக்குத் திரும்பும். டின்னுக்குள் அரிசி போகும். வேட்டி வெளுக்கப் போகும். முளைத்த கடுகு செடித்தொட்டியில் உரமாகும். குப்பைக் கூடைக்கு வாடிய பூவும் கொஞ்சம் காகிதமும் தவிர எதுவும் வராது. செலவு குறைவு என்பதோடு இதன் பெருமை நின்றுவிடுவதில்லை. ஒரு பொருளைக் கெடுக்காமல் பத்து நாளைக்கு வேறொன்றாகக் காட்டிவிட்டு, அதை அதன் பழைய வேலைக்கே அனுப்பிவைக்கும் அறிவு இதில் இருக்கிறது.

இன்று 'பெஸ்ட் அவுட் ஆஃப் வேஸ்ட்' என்ற பெயரில் பள்ளிகளிலும் குடியிருப்புச் சங்கப் போட்டிகளிலும் யூடியூப் காணொளிகளிலும் பரவியிருக்கும் சிக்கன அலங்காரக் கலையை இந்த அளவுகோலை வைத்து எடைபோட வேண்டும் என்பது என் கருத்து. செய்து முடித்த பொருள் எவ்வளவு அழகு என்று மட்டும் பார்க்கிறோம். விழா முடிந்த மறுநாள் அது என்னவாகிறது என்று பார்ப்பதில்லை.

முதலில் இந்தக் கலைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிடுகிறேன். வீட்டு விசேஷத்துக்குப் பந்தல்காரரையும் மேடை அலங்காரக்காரரையும் அழைக்க வசதியில்லாத குடும்பம், தன் வாசலையும் கூடத்தையும் தன் கையால் அழகாக்கிக்கொள்ள முடியும் என்பது சிறிய விஷயமில்லை. அழகுக்கு உரிமை கொண்டாடுவதற்குப் பணம் தடையாக இருக்கக் கூடாது. தவிர, காகிதத்தை மடித்துக் கத்தரிக்கும் பிள்ளைக்கு வடிவியல் கைக்குள் வருகிறது. எட்டாக மடித்து ஒரு வெட்டு வெட்டினால் எட்டு வெட்டு கிடைக்கும் என்பதைக் கரும்பலகையைவிடக் கத்தரிக்கோல் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். குமரி மாவட்டத்திலும் தூத்துக்குடியிலும் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வீடுகளைக் கவனித்தால் இது புரியும். வைக்கோல், சாக்கு, கசக்கிச் சாயம் பூசிய பழைய காகிதம் ஆகியவற்றால் ஒரு மலைக்குகையை எழுப்பும் இளைஞர்கள், பாரம் எங்கே இறங்கும், வெளிச்சம் எங்கிருந்து விழ வேண்டும் என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் கழிவு என்று எதைச் சொல்கிறோம் என்பதில் இன்றைய பழக்கம் சறுக்குகிறது. மிகுதியாகக் கையாளப்படும் பொருள் தண்ணீர் பாட்டிலும் குளிர்பான பாட்டிலும். அவை பெட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. நம் ஊரில் பழைய பேப்பர்காரர் விலை கொடுத்து வாங்கும் பொருள் அது. தெருவில் கிடந்தால்கூடப் பொறுக்குபவர் கை அதைத் தேடி வரும். காயலான் கடை வழியாக ஆலைக்குப் போய், பொடியாகி, உருகி, பாலியஸ்டர் இழையாகும். இப்படி ஒரு வழி ஏற்கெனவே இருக்கும் பொருளை எடுத்து, வயிற்றை வெட்டி, அக்ரிலிக் வர்ணம் பூசி, சூடான பசையால் சணல் கயிறு சுற்றி, ஜிகினாத் தூள் தூவி, பூச்சாடி என்று வைக்கிறோம். அக்ரிலிக் வர்ணமும் பிளாஸ்டிக், சூட்டுப் பசையும் பிளாஸ்டிக், ஜிகினாத் தூளும் பெரும்பாலும் பிளாஸ்டிக். மூன்றும் சணலோடு பின்னிப் பிணைந்த பிறகு அந்த பாட்டிலை எந்தக் காயலான் கடையும் தொடாது. குப்பையைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டு, விற்கக்கூடிய ஒரு பொருளை உண்மையான குப்பையாக மாற்றியிருக்கிறோம். இதுவே இந்தக் கலையின் மிகப் பெரிய குறை. செய்பவர்கள் நல்லெண்ணத்தோடு செய்வதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ணாடி பாட்டில் விஷயம் கொஞ்சம் வேறு. கனமும் உடையும் அபாயமும் இருப்பதால் அதற்குப் பழைய கடையில் பெரிய விலை கிடையாது. அதைச் சாடியாக்கிப் பல ஆண்டு வைத்துக்கொண்டால் நியாயம் உண்டு. ஆனால் மதுபாட்டில் ஓவியம் ஒரு அலையாக எழுந்தபோது, அந்த பாட்டில்களுக்கும் திரும்பிப் போகும் பாதை வரும் என்று யாரும் எண்ணவில்லை. 2022இல் நீலகிரியில் தொடங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும் திட்டம் டாஸ்மாக் கடைகளுக்கு வந்தது. வர்ணம் பூசுவதற்கு முன் அந்தப் பொருளுக்கு வேறு வழி இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

அடுத்து, சிக்கனம் என்ற பேச்சு. பள்ளியிலிருந்து 'ஐஸ் குச்சியில் வீடு செய்து வா' என்று சொல்லியனுப்பினால் எந்த வீட்டிலும் அத்தனை ஐஸ் குச்சி இருக்காது. ஃபேன்சி ஸ்டோரில் கட்டுக் கட்டாகப் புதுக் குச்சி விற்கிறார்கள், அதை வாங்கிவந்து ஒட்டுகிறோம். காகிதக் கப்பில் விளக்குக்கூடு செய்ய வேண்டுமென்றால் புதிய கப் ஒரு கட்டு வருகிறது. கூடவே பசைத் துப்பாக்கி, மின்னும் டேப், ஒட்டும் முத்து, ஃபோம் தாள். மிச்சப் பொருளில் செய்த அலங்காரம் என்று மேசையில் வைக்கப்படுவதில் மிச்சமான பொருள் ஒன்றுகூட இல்லாமல் போவதும் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து அதை ஒட்டிமுடிப்பவர் பெரும்பாலும் அம்மா. அவர் உழைப்புக்கு எந்தக் கணக்கிலும் விலையில்லை என்பதால்தான் இதை மலிவு என்று சொல்ல முடிகிறது.

சட்டத்தையும் நாம் மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கப், தெர்மாகோல் கப், பிளாஸ்டிக் கொடி மூன்றும் இருக்கின்றன. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவற்றில் அலங்காரத்துக்கான தெர்மாகோல் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் உதிரி பிளாஸ்டிக் ஜிகினாத் தூள் விற்பனையை நிறுத்தியது. ஆனால் இங்கே சுற்றுச்சூழல் தினத்துக்கான பள்ளிக் காட்சியிலேயே தெர்மாகோல் மலையும் ஜிகினா அருவியும் எழுகின்றன. தெர்மாகோல் உதிர்ந்தால் மணிமணியாகக் காற்றில் பறந்து சாக்கடையில் சேரும், அதை யாராலும் பொறுக்கியெடுக்க முடியாது. அந்த மணிகளும் ஜிகினாத் தூளும் மண்ணிலும் நீரிலும் கலந்தபின் திரும்பப் பெறுவதற்கு வழியே இல்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு சொல். காகிதக் கூடுகளுக்குள் பழைய வகை சீரியல் பல்பைச் செருகுவதும், நைலக்ஸ் புடவைத் திரைக்குப் பக்கத்தில் அகல் விளக்கு வைப்பதும், மினுக்கத்துக்காகப் பழுதான ட்யூப்லைட்டை உடைத்து ஒட்டுவதும் கூடவே கூடாது. ட்யூப்லைட்டுக்குள் பாதரசம் இருக்கிறது. மைதாப் பசை நல்ல பசைதான். ஆனால் பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலக்கும் பழைய வழக்கம் இருந்தது. அது நஞ்சு, பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அது சேரக் கூடாது.

பிரிக்க முடியாதபடி ஒட்டுவதே தவறு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சண்டிகரில் நேக் சந்த் செய்ததைப் பார்க்க வேண்டும். அவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளர். புதிய நகரம் எழுவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் இடிபாடுகளை 1950களின் இறுதியிலிருந்து சேகரித்து, அரசுக் காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிலைகள் செய்துவந்தார். உடைந்த வளையல், பீங்கான் ஓடு, மின்சாரப் பீங்கான் சாதனங்கள் எல்லாம் சிமென்டில் பதிந்து மனிதர்களாகவும் பறவைகளாகவும் நின்றன. 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சிமென்டில் பதித்த வளையலை இனி யாரும் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் பிரித்தெடுக்க வேண்டிய தேவையும் இல்லை. அரை நூற்றாண்டு நிற்கும் பொருளை நிரந்தரமாக ஒட்டலாம். பத்து நாள் நிற்கப்போவதை அப்படி ஒட்டக் கூடாது. பொருளின் ஆயுளும் அலங்காரத்தின் ஆயுளும் பொருந்தியிருக்கிறதா என்பதில்தான் நல்ல சிக்கனத்துக்கும் போலிச் சிக்கனத்துக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

நம் மரபு அலங்காரங்கள் இந்தப் பொருத்தத்தை இயல்பாகவே கொண்டிருந்தன. தென்னங்குருத்தோலைத் தோரணம் நான்கைந்து நாளில் வாடும், விழாவும் அதற்குள் முடிந்துவிடும், ஓலை எருவாகும். அதில் கலைக்கும் குறைவில்லை. யாழ்ப்பாணத்தில் மங்கல நிகழ்வுக்கு மடிக்கும் தோரணம் ஒரு விதம், அமங்கல நிகழ்வுக்கு வேறு விதம். பந்தலைத் தூரத்திலிருந்து பார்த்தே வீட்டில் என்ன நடக்கிறது என்று அறியலாம். ஒரு ஓலையும் ஒரு கத்தியும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு சொல்ல முடிந்த கலைக்கு முன்னால், கோயில் திருவிழாத் தெருக்களில் இன்று தொங்கும் பிளாஸ்டிக் மினுக்குக் கொடிகள் ஊமையாகவே தெரிகின்றன. அவற்றுக்கு முன்னால் அங்கே சணலில் மைதாப் பசை தடவி ஒட்டிய முக்கோண வண்ணத்தாள்கள் படபடத்தன. மழை வந்தால் சாயம் கரைந்து வழியும், அவ்வளவுதான் அவற்றின் குறை.

அப்படியானால் இன்றைய வீட்டில் உண்மையான மிச்சப் பொருள் எது? எனக்கு முதலில் தோன்றுவது கல்யாணப் பத்திரிகை. தங்க முலாம் போன்ற ஃபாயில் அச்சும் பளபளப்புப் பூச்சும் இருப்பதால் மறுசுழற்சிக்கு அது நல்ல காகிதமில்லை. மேலே பிள்ளையாரோ பெருமாளோ இருப்பதால் குப்பையில் போட மனமும் வராது. ஒவ்வொரு வீட்டிலும் பரணில் ஒரு கட்டு உறங்குகிறது. கெட்டித்தாள், நல்ல நிறம், நேர்த்தியான பூவேலை. அதைக் கத்தரித்து நூலில் கோத்தால் தோரணம், மடித்து நிறுத்தினால் கொலுவுக்குக் கோபுரம், பின்னால் ஒரு அட்டை கொடுத்தால் படிக்கு நடுவே தெய்வ உருவம். அந்த அட்டைக்கும் அலைய வேண்டாம். டிசம்பர் 31 அன்று கடைசித் தாளைக் கிழித்தபின் வெறுமையாகத் தொங்கும் சிவகாசிக் காலண்டர் அட்டை இருக்கிறது. ஓரம் நைந்த பட்டுப் புடவையின் சரிகைக் கரை, இணை போன வளையல், தேங்காய்ச் சிரட்டை, தையற்காரர் வீசும் துணிக் கத்தரிப்பு, மரப்பட்டறைத் தூள் என்று இந்த வரிசை நீளும். வேறு வழியில்லாமல் வீட்டில் தங்கிவிட்ட பொருள்கள் இவை. இவற்றை நூலால் கட்டலாம், குண்டூசியால் குத்தலாம், ஊசியால் தைக்கலாம். மறு வருஷம் பிரித்து வேறு மாதிரி கோக்கலாம்.

சிக்கனத்துக்கு ஒரு எல்லையும் வேண்டும். பண்ருட்டியிலும் மதுரைப் பக்கத்து விளாச்சேரியிலும் களிமண்ணிலும் காகிதக்கூழிலும் பொம்மை செய்து வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. விளாச்சேரிக்காரர்கள் கொலுவுக்கும் செய்கிறார்கள், கிறிஸ்துமஸ் குடிலுக்கும் செய்கிறார்கள். பாட்டிலுக்குத் துணி சுற்றி ராஜா ராணி செய்துவிட்டோம், இனி மண் பொம்மை எதற்கு என்று கேட்கும் சிக்கனம் அவர்கள் வயிற்றில் அடிக்கும். ஒரு நல்ல பொம்மை பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் பேத்தி காலம் வரை வரும். அதைவிடப் பெரிய சிக்கனம் எந்தப் பாட்டிலிலும் இல்லை. அலங்காரத்தில் மிச்சம் பிடியுங்கள், பொம்மையில் பிடிக்க வேண்டாம். சென்னை மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கடை போட்டிருப்பவரிடம் அடித்துப் பேரம் பேசிச் சேமிக்கும் தொகை, ஃபேன்சி ஸ்டோரில் ஒரே வருகையில் போய்விடும்.

பள்ளி ஆசிரியர்களிடமும் போட்டி நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். மதிப்பெண் போடும்போது அழகுக்குப் பாதியை வையுங்கள். மீதிப் பாதியை, இதைப் பிரித்தால் எத்தனை பொருள் பழைய வேலைக்குத் திரும்பும் என்ற கேள்விக்கு வையுங்கள். புதிதாகக் கடையில் வாங்கிய எதற்கும் மதிப்பெண் தர வேண்டாம். அடுத்த வருஷமே பிள்ளைகள் பசைத் துப்பாக்கியை விட்டு ஊசியையும் நூலையும் தேடி வருவார்கள்.